அப்பாவின் நாய்

அப்பாவின் நாயை நான்தான் கொண்டுபோய் விட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னது வேறு கதை.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் வாடகைக் கடைவீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாலையில் அவர் சைக்கிள் தெருவில் திரும்பும் நேரத்துக்கு அவர் நாய் மணி, வீட்டு முன்னால் அஞ்சடி நடைபாதையில் தூணோரம் வந்து உட்கார்ந்துவிடும். 1998-இல் அப்பா இறந்தார். அதன் பிறகும் அதே நேரம், அதே தூணோரம், தெருமுனையைப் பார்த்தபடி உட்காரும். விளக்கு வைத்த பிறகுதான் எழுந்து உள்ளே வரும். அதுவரை அம்மா எங்களுக்கும் சோறு போட மாட்டார்.

1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 கடைசியோடு முடிந்தது. தெருவில் பல குடும்பங்கள் காலி செய்தன. எங்களுக்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அங்கே நாய் கூடாது என்றார்கள். இத்தனை காலமும் இதையே காரணமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. எதிர்க் கோப்பிக்கடைச் சீனப் பெரியவர், தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அவரிடம் விட்டால் அம்மா அடிக்கடி பார்க்கக் கேட்பார், நான் கூட்டிப்போக வேண்டும், தீனிக்குக் காசு கொடுக்க வேண்டும். அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம் என்று பட்டது. அவ்வளவுதான்.

மலையைத் தாண்டி பாலேக் பூலாவ் பக்கம் ஒரு டுரியான் தோப்போரம் மணியை இறக்கிவிட்டேன். வண்டியின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தது. நண்பனின் தோட்டத்தில் விட்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பெரியவர் போன் செய்தார். பூட்டிய வீட்டின் முன், அந்தத் தூணோரம் மணி உட்கார்ந்திருக்கிறதாம். பாதமெல்லாம் புண்ணாம். நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுபடி அழைத்தார், ஞாயிற்றுக்கிழமை என்றேன். அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. நான் போனபோது தூணோரம் அவர் வைத்த தண்ணீர்த் தட்டு மட்டும் இருந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன்: தமிழ்நாட்டில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று என்னால் புத்தகத்தைத் தொடர முடியவில்லை. அவர்கள் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். நானோ வீட்டில் மணி என்று யாராவது பேச்செடுத்தாலே வேறு பேச்சுக்கு மாறினேன்.

2015-இல் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது தெருநாய்களைக் கொல்லப் பினாங்கு மாநில அரசு முடிவெடுத்தது; எதிர்ப்புக் கிளம்பியது. உடன் வேலை செய்த பெண் ஒருவர் என்னிடமும் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். கை கூசியது.

அம்மா இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் ஆட்டெலும்பைத் தனியே எடுத்துப் பையில் கட்டி, மணிக்குக் கொடுத்துவிட்டு வா என்பார். கீழே போய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, எங்காவது சுற்றிவிட்டுத் திரும்புவேன். கதவருகிலேயே நிற்பார்.

"இப்பவும் அப்பாவைத் தேடுதாய்யா?"

"இல்லம்மா. மறந்துடுச்சு" என்பேன்.