கற்றவர் காட்ட வேண்டிய கணக்கு

கல்வித் துறையில் உழைப்போருக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. படிப்பதே நமக்குத் தொழில். ஆதலால் படிப்பன யாவும் தொழிலுக்கே என்றாகிவிடுகின்றன. விளைந்த வயலைக் கண்ட உழவர் எத்தனை மூட்டை தேறும் என்று கணக்கிடுவது போல, எந்த நூலைக் கண்டாலும் எத்தனை பக்கக் குறிப்புத் தேறும் என்று நாம் கணக்கிடுகிறோம். ஞான வாசகத்திற்கென்று கையில் எடுத்த நூலுக்கும் இக்கதியே நேர்கிறது.

நாம் திருப்புலிவனத்தில் குடியிருந்து, வரலாறு கற்பிக்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். நம் தந்தையார் காலத்தில், இரவுச் செபமாலை முடிந்ததும் புனிதர் வரலாற்றில் ஒரு பக்கம் உரக்க வாசிக்கப்படும். அவ்வழக்கத்தை நாம் விடவில்லை. விடவில்லை என்பதில் சிறிது பெருமையும் கொண்டிருந்தோம். ஆனால், வாசிக்கும்போது கையில் பென்சில் இருக்கும். ‘இது பங்குத் திருவிழாப் பேச்சுக்கு ஆகும், இது ஆசிரியர் கூட்டத்திற்கு ஆகும்’ என்று ஓரத்தில் கோடிட்டுக்கொண்டே போவோம். அந்த ஆண்டுகளில் எந்த வரியும் நம்மை நோக்கிப் பேசியதாக நினைவில்லை.

சென்ற ஆண்டு, உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணித்தோம். அவை நம் ஊருக்கு அருகிலேயே, வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ளன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதத்தை அவை விளக்குகின்றன.

வந்த கட்டுரைகளுள் ஒன்றில் இரண்டு பத்திகள் நம் கண்ணை உறுத்தின. அச்சான ஒரு நூலின் நடை அது, மாணவன் நடையன்று. வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி, “பிறர் எழுத்தைத் திருடுவதற்கா கல்லூரிக்கு வந்தாய்?” என்று கடிந்தோம். அவன் தலைகுனிந்தவாறே, “ஐயா, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட குறிப்புத்தான் ஐயா அது” என்றான். பதிலுக்குப் பதில் பேசுகிறான் என்று சினந்து வெளியே அனுப்பினோம். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அன்றிரவு பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தோம். மாணவன் சொன்னது மெய். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நூலிலிருந்து அப்பத்திகளைச் சொல்லுக்குச் சொல் படியெடுத்திருக்கிறோம். நூலின் பெயரைக் குறிக்கவில்லை. ஆண்டுதோறும் நமது சொந்தச் சரக்காகவே அதை வகுப்பில் சொல்லி வந்திருக்கிறோம்.

அக்குறிப்பேட்டின் அடுத்த பக்கம் நம்மை இன்னும் சுட்டது. சபை வாரியத்திற்கு வேதம் கற்றிருந்தால் மட்டும் போதாது. பொருளிலும் மனத்திலும் தூய்மை வேண்டும் என்கிறது அக்கல்வெட்டு. முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவரையும், பிறர் பொருளைக் கவர்ந்தவரையும் அது விலக்குகிறது. இவற்றை எத்தனை முறை பாடமாகச் சொல்லியிருப்போம்! அந்த அளவுகோலால் அளந்தால் நம் பெயர் எழுதிய ஓலை குடத்திற்குள் விழுந்திருக்காது.

ஞான வாசகத்திற்கு விவிலியத்தைத் திறந்தோம். பென்சிலை எடுக்கவில்லை. புனித லூக்காஸ் நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், தலைவன் தன் கண்காணிப்பாளனை அழைத்துக் கணக்குக் கேட்கும் இடம். பலமுறை கோடிட்ட பக்கந்தான். அன்று முதன்முறையாக, கேட்கப்படுபவர் நாமே என்று உணர்ந்தோம். அறிவு இறுமாப்புக் கொள்ளச் செய்யும், அன்பே கட்டியெழுப்பும் என்று புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தாரை எச்சரித்ததன் பொருளும் அப்போதுதான் விளங்கிற்று. அம்மாணவனை நாம் கட்டியெழுப்பவில்லை. நம் இறுமாப்பால் இடித்துத் தள்ளியிருந்தோம்.

வீரமாமுனிவரைக் கற்றவர் யாவரும் போற்றுகின்றனர். தேம்பாவணி பாடியவர், 1732இல் சதுரகராதி தந்தவர். அப்பெரும் புலவர் 1727இல் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலையும் இயற்றினார். ஊர் ஊராகச் சென்று மறைபோதித்த வேதியர்களுக்காக எழுதப்பட்டது அது. ஒரு மொழிக்கு அகராதி தொகுக்கும் ஆற்றல் படைத்தவர், போதிப்பவரின் சொந்த வாழ்வைப் பற்றியும் ஒரு நூல் வேண்டும் என்று கருதினார். பிறருக்குக் கற்பிப்பவன் தன்னைத் திருத்திக்கொள்ளவும் படிக்க வேண்டும் என்பதை அந்நூலின் தலைப்பே நமக்கு நினைவூட்டுகிறது.

மூன்றாம் நாள் மாலை அம்மாணவனின் வீட்டிற்குச் சென்றோம். அவன் அன்னையாருடன் நடவுக்குப் போயிருந்தான். சேற்றுக் காலுடன் வந்தவனைக் கண்டதும், ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொற்கள் யாவும் மறந்துபோயின. “தம்பி, தவறு எங்களுடையது அல்ல, என்னுடையது என்று வகுப்பில் சொல்லப் போகிறேன், நீ வர வேண்டும்” என்று மட்டும் சொன்னோம். அவன் அன்னையார் ஒன்றும் கேளாமல் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் அவன் வந்தான். அறுபது மாணவர் முன்னிலையில் உண்மையைச் சொன்னோம். குரல் தழுதழுத்தது. வகுப்பு அசையாதிருந்தது. அவன் மட்டும் எழுந்து, “ஐயா, அந்த மூலநூலின் பெயரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம்” என்றான். கரும்பலகையில் எழுதினோம். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதியிருக்க வேண்டிய பெயர் அது.

அன்பு வாசகர்களே, ஆசிரியப் பணியிலும் ஆராய்ச்சியிலும் இருப்போர் நம் பங்குகளில் பலர் உளர். படிக்கும் பிள்ளைகள் இல்லாத வீடும் அரிது. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இரண்டாம் குயிகோ என்னும் கார்த்தூசியத் துறவி, ஞான வாசகத்தை நான்கு படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார்: வாசித்தல், தியானித்தல், செபித்தல், இறைவனில் இளைப்பாறுதல். நம்மைப் போன்றோர் முதற்படியிலேயே நின்று, குறிப்பெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோம்.

ஆகவே, நாளொன்றுக்குக் கால்மணி நேரம் ஒதுக்குவோம். பாடக் குறிப்பைத் திறக்குமுன் அது நடக்கட்டும். எழுதுகோலைத் தொலைவில் வைப்போம். ஒரு சிறு பகுதியை மெல்ல வாசித்து, ‘இதை யாருக்குச் சொல்லலாம்?’ என்று கேளாமல், ‘இது என்னிடம் என்ன கேட்கிறது?’ என்று கேட்போம். இரவில் ஆத்தும சோதனை செய்யும்போது அக்கேள்விக்கு விடை சொல்வோம். கணக்கு அன்றன்றைக்கு முடிந்தால் சுமை குறைவு.

நம் பென்சில் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சில இரவுகளில் கை அதைத் தேடத்தான் செய்கிறது. பழக்கம் எளிதில் விடுமா? அவ்வேளைகளில் சேற்றுக் காலுடன் நின்ற அப்பிள்ளையின் முகம் நினைவில் எழும். கையை மடக்கிக்கொண்டு, வாசித்த வரியையே மீண்டும் ஒருமுறை வாசிக்கிறோம். கற்பிக்கும் நம்மை முதலில் கற்பிக்குமாறு ஆண்டவரை வேண்டுகிறோம்.