பாதி முத்திரை

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய நாணயங்களுக்கும் ரேடியோ வால்வுகளுக்கும் நடுவே அந்தக் கவர் கிடந்தது. 1931-இல் மதராஸிலிருந்து லண்டன் வழியாக எடின்பரோவுக்குப் போனது. "ஸ்டாம்பு மட்டும் போதும்னா கத்தரிச்சுத் தரேன் சார்" என்றார் கடைக்காரர். பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

நீல நிற 'பை ஏர் மெயில்' சீட்டின் மேல் இரண்டு தடித்த சிவப்புக் கோடுகள். பார்த்தால் யாரோ கோபத்தில் அடித்த மாதிரி இருக்கும். உண்மையில் அது தபால்காரர்களின் பாஷை: விமானப் பயணம் இதோடு முடிந்தது, இனி தரைவழி. லண்டன் – கராச்சி விமானத் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் தொடங்கியது 1929 மார்ச் 30-இல். அதிலேயே நடுவில் பாசலிலிருந்து ஜெனோவா வரை ரயில்தான். மதராஸ் கடிதமோ முதலில் வடக்கே ரயிலில் போய்த்தான் விமானம் ஏற வேண்டும். 1932 அக்டோபரில்தான் டாடாவின் சிறு விமானம் கராச்சித் தபாலை பம்பாய், பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்தது. கீழ்க்கட்டளையில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மீனம்பாக்கத்து விமானங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு கடிதம் இத்தனை வண்டி மாறிப் போனதை நம்பவே முடியாது. கவரில் உள்ள முத்திரைகள்தான் சாட்சி.

நான் பதறியதற்குக் காரணம் உண்டு. பத்து வயதில், பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்த ரங்கூன் கவர்களை எல்லாம் பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டு ஸ்டாம்பு உரித்தேன். ஊறிய கவர்கள் குப்பைக்குப் போயின. பாட்டி திட்டவில்லை. "கடைசிக் கவரு எங்கடா?" என்று மட்டும் கேட்டாள்.

தாத்தா ரங்கூனிலிருந்து திரும்பவே இல்லை. கடைசிக் கடிதத்தின் தலையில் 'மார்கழி' என்று மட்டும் எழுதியிருந்தார். சௌக்கியம், கவலைப்பட வேண்டாம், அவ்வளவுதான். 1941 டிசம்பர் 23-இல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. கடிதம் அதற்கு முன்னா, பின்னா? அஞ்சல் முத்திரையில் தேதி இருந்திருக்கும்.

அந்த ஸ்டாம்பு இன்னும் என் ஆல்பத்தில் இருக்கிறது. முத்திரை வட்டத்தின் வலது பாதி மட்டும் அதில் விழுந்திருக்கிறது: டிசம்பர், 41. நாள் கவர் பக்கம் போய்விட்டது. பூதக்கண்ணாடி வைத்து எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

எடின்பரோ கவரை முழுசாகவே வாங்கி வந்தேன். உங்கள் வீட்டிலும் பழைய கவர் இருந்தால், தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள்.