புதுக் கோச்சும் எங்கள் முதல் தீர்ப்பும்

அக்டோபர் கடைசி வாரத்தில் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் மூன்று நாட்கள் பாடம் சரியாக நடக்கவில்லை. கோவாவில் சூப்பர் கோப்பை நடந்துகொண்டிருந்தது. சென்னையின் எஃப்சி ஆடும் நாளில் பிளஸ் டூ படிக்கும் தம்பிகளும், பெயிண்ட் வேலை முடித்து வரும் தம்பிகளும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து ஸ்கோர் பார்த்தார்கள். முதல் ஆட்டம் மோகன் பகானிடம் 0-2. இரண்டாவது ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. மூன்றாவது டெம்போவுடன் 1-1. அதோடு வெளியே.

அப்போது ஒரு தம்பி சொன்னான்: "நம்மாளக் கோச்சா போட்டா இப்பிடித்தாண்ணே. வெள்ளக்காரன் இருந்தா இப்பிடி விட்டுருப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். இரவு படிப்பகத்தைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும்போதுதான் அந்த வாக்கியம் உறுத்த ஆரம்பித்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கால்பந்து பார்க்காத தோழர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சென்னையின் எஃப்சி 2014-இல் தொடங்கப்பட்ட அணி. 2015-இலும் 2017-18-இலும் ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. முதல் பயிற்சியாளர் இத்தாலியின் மார்கோ மாத்தராட்சி. அடுத்து இங்கிலாந்தின் ஜான் கிரெகரி. பிறகு ஓவன் கோயல், சாபா லாஸ்லோ, போஜிதார் பாந்தோவிச், தாமஸ் பிரதாரிச், மறுபடியும் ஓவன் கோயல். இத்தனை பேரில் ஒருவர்கூட இந்தியர் இல்லை. இடையில் 2022-இல் நம் ஊர்க்காரர் சையத் சபீர் பாஷா சில ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார், அதுவும் இடைக்காலமாக. 2025-இல்தான் கிளப் முதன்முறையாக ஓர் இந்தியரை முழுநேரத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. அவர் கோவாக்காரரான கிளிஃபோர்ட் மிராண்டா. டெம்போ அணியின் நடுக்களத்தில் பல ஆண்டுகள் ஆடியவர், இந்திய அணிக்கும் ஆடியவர்.

அவர் வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய பருவத்தில் அணி 13 அணிகளில் 11-ஆம் இடம். ஐஎஸ்எல்லை நடத்தும் ஒப்பந்தம் சிக்கலில் மாட்டி, ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. லீக் எப்போது தொடங்கும் என்று வீரர்களுக்கும் தெரியாது, கிளப்புக்கும் தெரியாது. அந்த நிலைமையில் கிடைத்த வீரர்களை வைத்துக்கொண்டு, கொல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகளோடு மோதியதுதான் புதுக் கோச்சின் முதல் வாரம்.

இது எதுவும் எங்கள் தம்பிகளுக்குத் தெரியாதது இல்லை. 11-ஆம் இடம் வந்தபோது இதே தம்பிகள் என்ன சொன்னார்கள் என்பதும் நினைவிருக்கிறது. "கோச் என்னண்ணே பண்ணுவாரு, பிளேயர் சரியில்ல." அப்போது கோச் ஸ்காட்லாந்துக்காரர். இப்போது மூன்றே ஆட்டம். பிளேயர் மேல் இருந்த குறை கோச் தலைக்கு மாறிவிட்டது. தோல்வி ஒன்றுதான், அளக்கிற படி மட்டும் இரண்டு.

மிராண்டாவின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023-இல் அவர் ஒடிசா எஃப்சிக்கு இடைக்காலப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அந்த ஏப்ரலில் கோழிக்கோட்டில் நடந்த இறுதிப் போட்டியில் பெங்களூருவை 2-1 என வென்று சூப்பர் கோப்பையைக் கையில் கொடுத்தார். அடுத்த பருவத்துக்கு ஒடிசாவின் முழுநேரப் பொறுப்பு ஸ்பெயினின் செர்கியோ லோபெராவுக்குப் போனது. லோபெரா பெரிய பயிற்சியாளர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் 'இடைக்காலம்' என்ற சொல்லோடு இறங்கிப் போக வேண்டியிருந்தது. அந்தச் சொல்லில் இருந்து வெளியே வர ஓர் இந்தியப் பயிற்சியாளருக்கு எத்தனை காலம் பிடிக்கிறது என்பதற்கு காலித் ஜமீலைப் பாருங்கள். 2017-இல் மிசோரத்தின் ஐஸாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். ஐஎஸ்எல்லில் முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக அவரை நார்த்ஈஸ்ட் யுனைடெட் அறிவித்தது 2021-இல். அதுவும் இடைக்காலமாக அமர்ந்து அணியை பிளேஆஃப் வரை கொண்டுபோய்க் காட்டிய பிறகு.

அரசு அலுவலகம் போய்வருகிற நமக்கு 'இடைக்காலம்' புதிய சொல் இல்லை. அங்கே அதற்குப் பெயர் 'பொறுப்பு'. வேலை முழுசாகச் செய்ய வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டும். பெயர்ப் பலகையில் மட்டும் அடைப்புக்குறிக்குள் 'பொ' என்று இருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மிராண்டாவின் சாதி என்ன என்று நாங்கள் தேடவில்லை, தேடப்போவதும் இல்லை. வெளிநாட்டுக் கோச்சா உள்நாட்டுக் கோச்சா என்பது சாதிப் பிரச்சினை இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் நம் வலியையே நாம் மலிவாக்குவோம். ஆனால் ஒருவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் மேல் தீர்ப்பு எழுதுகிற பழக்கம் இருக்கிறதே, அது நமக்கு மிக நன்றாகத் தெரிந்த பழக்கம். அதனால்தான் அந்தச் சிரிப்பு உறுத்தியது.

பல்வங்கர் பாலுவை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்புத் தைக்கும் சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். 1911-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். பந்து வீச அவர் வேண்டும், ஆனால் தேநீர் மட்டும் மைதானத்துக்கு வெளியே தனிக் குவளையில். அவர் காலத்தின் மிகச்சிறந்த பந்துவீச்சாளராக இருந்தும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-இல்தான் கிடைத்தது. ஆடுவதற்குக் கூப்பிடுவார்கள், ஆட்டத்தை நடத்தக் கூப்பிடமாட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அவர்களுடைய என்எஃப்எல் கால்பந்தில் பாதிக்கு மேல் கறுப்பின வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அதனால் 2003-இல் 'ரூனி விதி' கொண்டுவந்தார்கள். தலைமைப் பயிற்சியாளரைத் தேடும் கிளப், சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணலுக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்று அன்று அது சொன்னது. வேலை கொடு என்றுகூட அந்த விதி சொல்லவில்லை. கூப்பிட்டுப் பேசு என்று மட்டும்தான் சொல்கிறது. அதற்கே ஒரு விதி தேவைப்பட்டது.

நம் மதுரைக்கு வருவோம். எங்கள் அவனியாபுரத்தில் தை முதல் நாள் ஜல்லிக்கட்டு. மாடு பிடிக்க யார் இறங்கினாலும் கைதட்டுவார்கள். ஆனால் விழாக்குழுவில் யார் யார் உட்காருவது என்ற தகராறு உயர்நீதிமன்றக் கிளை வரை போனது, மாவட்ட நிர்வாகமே எடுத்து நடத்தும் நிலை வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பட்டியலின மக்களுக்கு ஒதுக்கிய தலைவர் நாற்காலி 1996-இலிருந்து பத்து ஆண்டுகள் காலியாகவே வைக்கப்பட்டது. நின்று ஜெயித்தவர்களையும் உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-இல்தான் முறையான தேர்தல் நடந்தது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். அவரோடு இன்னும் ஐந்து பேர். அவர் என்ன தலைவராக இருந்திருப்பார் என்று பார்க்கக்கூட விடவில்லை.

இதையெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவர்கள் நாங்கள். சமூகவியல் முதுகலை படித்த ஆட்களும் எங்களில் உண்டு. இப்போது எங்கள் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

படிப்பகத்துக்கு ஒரு கால்பந்து அணி இருக்கிறது. கண்மாய்க்கரையை ஒட்டிய பொட்டல்தான் மைதானம். காற்று திரும்பினால் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கு வாடை வரும். தலைக்கு மேல் ஏர்போர்ட்டுக்கு இறங்குகிற விமானம் போகும். நான்கு வருடமாக ஓர் உடற்கல்வி ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை தோறும் டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து சும்மாவே சொல்லிக்கொடுத்தார். இந்த ஜூனில் அவருக்கு ராமநாதபுரம் பக்கம் மாறுதல் வந்துவிட்டது.

மூன்று வாரம் நாங்கள் புதுக் கோச் தேடினோம். தெரிந்த ஆசிரியர்களைக் கேட்டோம், ஒரு கல்லூரியில் விசாரித்தோம். இத்தனைக்கும் இரண்டு வருடமாகச் சாருக்குத் துணையாக நின்று, கோன் அடுக்கி, வருகைப் பதிவு எழுதி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாஸ் பழக்கிய ஒரு தங்கச்சி எங்கள் தெருவிலேயே இருந்தாள். கல்லூரி அணியில் ஆடியவள். அவள் அம்மா மாநகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். 2019 மே மாதம் நம் மதுரையின் சேது எஃப்சி பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கினார்களே, அன்றிலிருந்து பந்தை விடாத பிள்ளை. அவளைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாலாவது ஞாயிறு அவளே வந்து கேட்டாள். "ஏண்ணே, ரெண்டு வருசமா நான் இங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

நாங்கள் சொன்ன பதிலை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் நீ பாத்துக்கம்மா."

அடைப்புக்குறிக்குள் 'பொ' போட்டது நாங்களேதான். பெண் என்பதால் ஒரு பாதி, நம் தெரு என்பதால் இன்னொரு பாதி. வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் விஷயம் தெரியும் என்ற நம்பிக்கை நம் எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கிறது. நமக்கு எதுவும் தெரியாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் சொல்கிற ஆள் வெளியே இருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் "கோட்டாவா?" என்று கேட்கப்பட்டவர்கள் எங்களிலேயே மூன்று பேர். அந்த மூன்று பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம்.

அவள் பொறுப்பேற்றபின் வந்த செவன்ஸ் போட்டியில் முதல் ஆட்டம் 0-3. அடுத்த போட்டியில் 1-2. "சார் இருந்தா இப்பிடி ஆயிருக்காது" என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். சூப்பர் கோப்பை முடிந்த வாரத்தில் நாங்கள் பழைய பதிவேட்டைப் புரட்டினோம். சார் வந்த வருடத்தின் முதல் நான்கு ஆட்டங்களும் தோல்விதான். அதில் ஒன்று 0-6. யாருக்கும் நினைவில்லை. அப்போது நாங்கள் சொன்னது, "புதுசா வந்திருக்காரு, பழக நாளாகும்ல."

அதே பதிவேட்டில் வேறொன்றும் இருந்தது. சார் காலத்தில் பயிற்சிக்கு வந்த பெண் பிள்ளைகள் இரண்டு பேர். இப்போது ஏழு பேர். முதல் இருபது நிமிடம் பாஸ் மட்டும்தான், கோல்கீப்பர் பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி அடிக்கக் கூடாது, ஓரத்தில் உட்காருகிற பிள்ளைக்கும் கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம் உண்டு. இவை அவள் கொண்டுவந்த விதிகள். தோற்றதற்கு இதில் ஏதாவது ஒன்று காரணமாகவும் இருக்கலாம். அதைப் பற்றி அவளோடு விவாதிக்கிறோம், சண்டையும் போடுகிறோம். கடைசிப் பத்து நிமிட விதி பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து.

அதனால் மாணவத் தோழர்களே, புதியவரை விமர்சிக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நம்மாள் என்பதற்காக மூடி மறைப்பதும் ஒரு வகை அவமதிப்புதான், அவரால் விமர்சனத்தைத் தாங்க முடியாது என்று நாமே முடிவு கட்டுவதுதான் அது. மிராண்டாவின் நடுக்களம் ஏன் அப்படித் திறந்து கிடந்தது என்று கேளுங்கள். நாலு கோல் எப்படி விழுந்தது என்று கேளுங்கள். அது கால்பந்துக் கேள்வி. ஆனால் கேட்பதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். போனவருக்கு எத்தனை ஆட்டம் பொறுத்தோம்? அவர் தோற்றபோது யாரைக் குறை சொன்னோம்? இவர் தோற்றபோது யாரைச் சொல்கிறோம்? வகுப்பில் புதிதாக வந்த பேராசிரியர், ஊராட்சியில் புதிதாக அமர்ந்த தலைவி, நம் இயக்கத்திலேயே புதிதாகப் பொறுப்புக்கு வந்த இளைய தோழர் என்று யாருக்கும் இதே கேள்விகள்தான்.

போன ஞாயிறு பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே இருந்த 'தற்காலிகம்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பயிற்சியாளர்' என்று எழுதினோம். அடுத்த ஜூன் வரை அவள்தான், நடுவில் பேச்சு இல்லை என்று முடிவு. அவளிடம் காட்டினோம். பார்த்தாள். "இத ஜூன்லயே எழுதிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுக் கோன் அடுக்கப் போனாள்.

சிரிக்கவைத்த அந்தத் தம்பியிடமும் பேசினோம். சென்னையின் அணியின் லீக் தொடங்கினால் பத்து ஆட்டம் வரை கோச்சைத் திட்டமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். "பத்துக்கு மேல திட்டுவேண்ணே." திட்டலாம், தப்பில்லை.

ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பயிற்சி. பக்கத்து ஊர் அணிகள் நட்பு ஆட்டத்துக்கு வரலாம். பந்து எங்களிடம் இருக்கிறது, கோச்சும் இருக்கிறார்.

ஜெய்பீம்.