கடல் கடவாமல் கண்ட இங்கிலாந்து

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மலையடிவாரம் நோக்கி ஏறிச்செல்லும் சாலையில் அமைந்த ஊர் அருமனை. மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். எத்திசை நோக்கினும் ரப்பர் தோட்டம். இடையிடையே மரச்சீனி விளை, வாழை, தென்னை. மழைக்காலத்தில் இவ்வூரின் பசுமையைக் காண்போர், தமிழகத்தில்தான் இருக்கிறோமா என ஐயுறுவர்.

இவ்வூரிலிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் செவிலியராகவும், முதியோரைப் பராமரிப்போராகவும் இங்கிலாந்து சென்றுள்ளோர் இன்று பலர். அங்கு நிலையாகத் தங்க விரும்புவோர் பிரிட்டனின் வரலாறு, பண்பாடு பற்றிய தேர்வொன்றில் வெற்றிபெற வேண்டும். 45 நிமிடங்கள், 24 வினாக்கள், அவற்றுள் 18-க்கேனும் சரியான விடை. விடுமுறைக்கு வந்த செவிலி ஒருவர் தாம் படிக்கும் பாடநூலை நம்மிடம் காட்டினார். எட்டாம் ஹென்றி மன்னனும் அவனுடைய ஆறு மனைவியரும், 1805-இன் டிரபால்கர் கடற்போர், 1815-இன் வாட்டர்லூ எனச் செய்திகள் நிரம்பியிருந்தன. புரட்டிப் பார்த்த நமக்கு ஓர் எண்ணம் உதித்தது. இதே இங்கிலாந்து நம் வீட்டு முற்றத்திலும் கால் பதித்திருக்கிறதே; அதை நம் இளைஞருக்கு யார் காட்டுவது? பங்கின் இளைஞர் பன்னிருவருடன் ஒரு வேனில் புறப்பட்டோம்.

முதற் பாடத்திற்கு வேன் ஏறவே தேவையில்லை. ரப்பர் மரம் நம் நாட்டு மரமன்று. பிரேசில் நாட்டுக் காட்டு மரம். 1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைக் கப்பலேற்றி இலண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை 2,700 அளவே. கன்றுகளுள் பெரும்பகுதி, கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பப்பட்டது. ஆசியாவின் ரப்பர் தோட்டங்களுக்கு அவையே வித்து. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டிப் பால் வெட்டப் போகும் அருமனைத் தொழிலாளி, அந்தப் பிழைத்த கன்றுகளின் வழித்தோன்றலைத்தான் நாள்தோறும் கீறுகிறார். சிரட்டையில் சொட்டும் அப்பாலே பல பிள்ளைகளைக் கல்லூரிக்கும், பின்னர் கடலுக்கு அப்பாலும் அனுப்பியது.

நிற்க. வேனில் செல்கையில் ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கும்படி இளைஞரிடம் கூறினோம். டிரபால்கரில் நெல்சன் வென்று மடிந்த அதே 1805-இல், கிழக்கிந்தியக் கம்பெனி திருவிதாங்கூர் அரசோடு புதிய உடன்படிக்கை செய்து ஆண்டுக்கு 8 இலட்சம் ரூபாய் கப்பம் விதித்தது. அப்போது தளவாயாயிருந்தவர் வேலுத்தம்பி. அச்சுமையைத் தாங்கவியலாத நிலையில் 1809-இல் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து உயிர் துறந்தவரும் அவரே. அவர் பிறந்த தலக்குளம், நாம் மாலையில் செல்லவிருந்த நெய்யூருக்கு அண்மையில் உள்ளது.

இன்னோர் ஆண்டு 1829. அவ்வாண்டில்தான் இங்கிலாந்தின் பாராளுமன்றம் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வழங்கியது. எட்டாம் ஹென்றியின் பிரிவினைக்குப் பின் நம் மறையினர் அந்நாட்டில் மூன்று நூற்றாண்டு அளவு பட்ட இடர்களை எண்ணினால் அது பெரிய விடுதலையே. அதே 1829-இல் இங்கே நடந்தது என்ன? நாடார் குலப் பெண்கள் மேல்சாதிப் பெண்டிர்போல் மேலாடை அணியலாகாது எனத் திருவிதாங்கூர் அரசு ஆணை பிறப்பித்தது. அங்கே ஒரு கதவு திறந்தது. இங்கே ஒரு கதவு சாத்தப்பட்டது. அடியும் அவமானமும் பட்டு அப்பெண்கள் மேலும் முப்பதாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26-ஆம் நாள் வெளியான அரசாணைதான் மார்பை மறைக்க அனுமதித்தது. அதிலும் மேல்சாதியார் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனை எஞ்சியே இருந்தது.

அவ்வாணைக்காகத் திருவிதாங்கூரை நெருக்கியவர் சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன். இப்பெயரை அயர்லாந்து மக்கள் கசப்போடுதான் உச்சரிப்பர். 1845 முதல் உருளைக்கிழங்கு அழுகி அங்கே ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்தபோது, இலண்டன் கருவூலத்திலிருந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி இவரே. மடிந்தவருள் பெரும்பாலோர் ஏழைக் கத்தோலிக்கர். அங்கே கல்நெஞ்சர், இங்கே நம் பாட்டிமாரின் மானத்திற்குப் பரிந்து பேசியவர், மனிதர் ஒருவரே. ஒருவரை எடைபோட எந்தத் தராசைக் கையில் எடுப்பது என்று இளைஞர் தம்முள் வாதித்தனர். நாம் குறுக்கிடவில்லை.

ஒரு சிறு குறிப்பு. நம் மக்களுக்கு வெளிநாட்டார் யாவரும் 'வெள்ளைக்காரர்'. உதயகிரிக் கோட்டையில் அடங்கியுள்ள டிலனாய், 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர். மயிலாடியில் 1806-இல் பணி தொடங்கிய ரிங்கல்தௌபே ஜெர்மானியர். முளகுமூட்டில் 1897-இல் அநாதைக் குழந்தைகளை ஏற்றுக்கொண்ட அன்னை மரி லூயிஸ் பெல்ஜியம் நாட்டவர். இவர்களை இங்கிலாந்தின் கணக்கில் எழுதுவது முறையன்று.

குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறையை அடைந்தபோது முற்பகல். மூன்று புறமும் மலை சூழ, கோதையாற்றின் நீர் அசைவின்றிக் கிடந்தது. மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அணை இது. செலவு ஏறத்தாழ 26 இலட்சம் ரூபாய். கட்டி முடித்த பொறியாளர் மிஞ்சின் என்னும் ஆங்கிலேயர்; அவர் உடல் அணையருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. நாஞ்சில் நாட்டு உழவர் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கின்றனர். அது தகும். ஆயினும் பணம் திருவிதாங்கூர்க் குடிகளின் வரிப்பணம். கல் சுமந்தவர் நம் கூலியாட்கள். காட்டுக் காய்ச்சலும் விலங்கச்சமும் நிறைந்த இவ்விடத்தில் ஒன்பதாண்டு உழைத்த அவர்களுள் ஒருவர் பெயரையும் நாம் அங்குக் காணவில்லை. கல்லறை முன் மௌனமாக நின்ற இளைஞர், பின்னர் அணைக்கரையிலும் சிறிது நேரம் நின்றனர்.

அணை நீர் நாஞ்சில் வயல்களுக்குப் பாய்ந்ததேயன்றி, விளவங்கோட்டின் மேட்டு நிலங்கள் நெடுங்காலம் வானம் பார்த்தே கிடந்தன. அக்குறையைத் தணித்தவர் ஆங்கிலேயர் அல்லர். காமராசர் ஆட்சியில் திட்டமிடப்பட்டு 1966-இல் எழுந்த மாத்தூர் தொட்டிப்பாலம், 115 அடி உயரத்தில் 28 தூண்கள்மேல் பறளியாற்றைக் கடந்து நீரைச் சுமந்து செல்கிறது. அதன்மேல் நடந்தபோது நமக்குத் தலை சுற்றியது, இளைஞர் ஓடினர்.

மாலையில் நெய்யூர். நம் பிரிந்த சகோதரராகிய இலண்டன் மிஷன் சபையார் 1838-இல் இங்கு மருத்துவப் பணி தொடங்கினர். அவர்கள் அனுப்பிய டாக்டர் லீச், வந்த மறு ஆண்டே, 1854-இல், கடலில் மூழ்கி இறந்தார். எனினும் மருத்துவமனை நிலைத்தது. அதன் பெயரை உலகறியச் செய்தவர் ஹவார்டு சோமர்வெல்.

1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணித் தொழிற்சாலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். முதல் உலகப் போரில், சோம் போர்க்களத்தின் காயமுற்றோருக்கு இடையறாது அறுவை செய்தவர். 1922-இல் எவரெஸ்ட் சிகரம் ஏறச் சென்ற குழுவில் இருந்தார். பனிச்சரிவில் ஷெர்ப்பாக்கள் ஏழு பேர் மாண்டனர். வெள்ளையர் ஒருவரும் மாளவில்லை. அது அவரை நெடுங்காலம் உறுத்தியது. தம்மவரில் ஒருவரேனும் அவர்களோடு இறந்திருக்கலாகாதா என எழுதியும் வைத்தார். மலையிலிருந்து இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி நெய்யூருக்கு வந்தார். காத்திருந்த நோயாளர் கூட்டத்தையும், தனியாகத் தவித்த ஒரே அறுவை மருத்துவரையும் கண்டார். இலண்டனில் காத்திருந்த உயர்பதவியை விட்டு மறு ஆண்டே இங்கு வந்து சேர்ந்தார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று 28,000 அடி அளவு ஏறினார். இறங்குகையில், பனியால் கருகிய தொண்டைத் தசை மூச்சுக் குழலை அடைத்துக்கொள்ள, மரணம் உறுதி என்று உட்கார்ந்தவர், நெஞ்சைத் தாமே அழுத்தி அதைக் கக்கிப் பிழைத்தார். அதற்குச் சில நாட்களில் மறைந்த மாலரியின் கையில் இருந்ததும் இவர் கொடுத்த புகைப்படக் கருவியே. பின்னர் இருபத்தைந்து ஆண்டு அளவு நம் மக்களின் குடற்புண்ணையும் வாய்ப் புற்றையும் அறுத்தும், ரேடியம் வைத்தும் குணப்படுத்தினார்; வேலூரிலும் பணியாற்றி, 1975-இல் தாய்நாட்டில் காலமானார். மரச்சீனிக் கிழங்கையே உண்டு வயிற்று வலியால் துடித்தவர்கள் மலை ஓரத்திலிருந்து கட்டிலில் சுமந்து கொண்டுவரப்பட்ட காலம் அது. இன்று தென்னிந்தியத் திருச்சபையின் பொறுப்பிலுள்ள அம்மருத்துவமனை, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இன்றும் பெயர் பெற்றது.

இவ்வழியே செல்ல விழைவோர் அதிகாலையில் அருமனையில் புறப்பட்டுக் குலசேகரம், பேச்சிப்பாறை, மாத்தூர், தக்கலை, நெய்யூர் எனச் சுற்றி மார்த்தாண்டம் வழியாக இரவு உணவிற்கு வீடு திரும்பலாம். ஆனி, ஆடி மழையில் அணை நிரம்பியிருக்கும், குடை மறவாதீர்.