கீழே விட்ரலாமுங்ணா

உங்கள் கார் பானெட்டைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றியதெல்லாம் கணக்கில் சேராது. வெட்கப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். ஒன்பது வருஷமாக ஒரு டீசல் காரை, உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் திருப்பூருக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவிநாசி ரோட்டில் பனியன் மூட்டை ஏற்றிய டெம்போ என்னை ஓவர்டேக் பண்ணிப் போனபோதுதான் ரோஷம் வந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் கறுப்புப் புகைதான் வருகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது.

ஒர்க்‌ஷாப் தம்பி அரைநாள் எடுத்துக்கொண்டு இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிக் காட்டினார். இன்ஜினுக்குக் காற்று போகிற பாதை அது. கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல்கூடத் திணறியது. சுற்றிலும் தார் மாதிரி ஒரு களிம்பு. தம்பி அதை ஒரு பிடி பனியன் வேஸ்ட்டால் துடைத்தார். (நம்ம ஊர் டி-ஷர்ட் உலகமெல்லாம் போகிறது. கட்டிங் டேபிளில் விழுந்த மிச்சம், கிலோ கணக்கில் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் போகிறது.)

"டெய்லி எவ்ளோ தூரமுங்ணா ஓட்டுவீங்க?"

"வீட்லேர்ந்து கம்பெனிக்கு. மூணு கிலோமீட்டர்."

"அதானுங்ணா. இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணிர்றீங்க."

விஷயம் இதுதான். பிஸ்டனைச் சுற்றி எத்தனை ரிங் போட்டாலும், எரிகிற வாயுவில் கொஞ்சம் ஓரமாக நழுவி, கீழே ஆயில் இருக்கிற கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். 'ப்ளோ-பை' என்பார்கள். அதை வெளியே விடாவிட்டால் உள்ளே பிரஷர் ஏறி, ஆயில் சீல் வழியாக ஒழுக ஆரம்பிக்கும். அதனால் ஒரு குழாய் வைத்து, ஆயில் ஆவியோடு சேர்த்து அந்த வாயுவை மறுபடி காற்றுப் பாதையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அதாவது, இன்ஜின் தன் ஏப்பத்தைத் தானே விழுங்குகிறது. இன்னொரு பக்கம் ஈ.ஜி.ஆர். என்று ஒரு வால்வு. நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைப்பதற்காக, சைலன்ஸருக்குப் போகிற புகையில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே அனுப்பும். அதில் கரி இருக்கிறது. ஆயில் பிசுக்கும் கரியும் சேர்ந்தால்? அந்தத் தார்தான். (பெட்ரோல் கார்க்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோல் பீய்ச்சும் புது மாடல்களில் வால்வைப் பெட்ரோல் கழுவுவதில்லை. அங்கேயும் கரி படியும்.)

"இனிமே படியாம இருக்க ஏதாச்சும் வழி இருக்கா தம்பி?"

"அந்த ஹோஸைக் கழட்டிக் கீழே விட்ரலாமுங்ணா. செலவே இல்லீங்க."

உண்மைதான். ஒரு காலத்தில் எல்லாக் கார்களிலும் அந்தக் குழாய் கீழே ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் புகைமூட்டத்தில் மூச்சுத் திணறியபோது, ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி, கார்களிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் வெந்துதான் இந்தப் புகைமூட்டம் உண்டாகிறது என்று கண்டுபிடித்தார். அந்த ஹைட்ரோகார்பனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்தச் சின்னக் குழாய் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. 1961-ல் கலிஃபோர்னியாவில் விற்ற கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுக்கவும் குழாயை இன்ஜினுக்கே திருப்பி விட்டார்கள்.

இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு ஞாபகம் வந்தது வேறு குழாய். நான் கணக்கெழுதிய சாயப்பட்டறையின் பின்பக்கம், நொய்யலுக்கு இறங்குகிற குழாய். எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரோ ஒருவர், "கீழே விட்ரலாமுங்ணா, செலவே இல்லீங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அப்படிப் பல பேர் விட்டது ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, அதன் கீழே இருந்த விவசாயிகளின் காட்டையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல், சுத்தம் பண்ணித் திரும்ப உபயோகித்தால்தான் நடத்தலாம் என்றார்கள். எங்களுடையது அப்புறம் திறக்கவே இல்லை. அந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. டீசல் பில், சாய பில் எல்லாம் சரிபார்த்தேன்.

"கீழே வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

முதலில் இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். குபுகுபுவென்று புகை வந்தால் ரிங் போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு வேறு வைத்தியம். என்னுடையதில் லேசாகத்தான் வந்தது. ஆயிலையும் வாயுவையும் பிரிக்கிற செபரேட்டர் பழுதாகியிருந்தது. அதை மாற்றி, ஹோஸுக்கு நடுவில் ஒரு 'கேட்ச் கேன்' வைத்தார். சொம்பு மாதிரி டப்பா. உள்ளே தடுப்பும் வலையும் இருக்கும். ஆயில் ஆவி அதில் மோதிக் குளிர்ந்து கீழே சொட்டும், வாயு மட்டும் இன்ஜினுக்குப் போகும். வாங்குவதானால் உள்ளே வலை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டப்பாவை விற்று ஏமாற்றுகிறார்கள். வாரன்ட்டி இருக்கிற வண்டி என்றால் கம்பெனியில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இது சர்வரோக நிவாரணி இல்லை. ஈ.ஜி.ஆர். கரி வந்துகொண்டுதான் இருக்கும், காய்ந்த கரியாக. ஏற்கெனவே படிந்ததைக் கேன் கரைக்காது, கழற்றித்தான் சுரண்ட வேண்டும். ஆயிலை நேரத்துக்கு மாற்ற வேண்டும். முக்கியமாக, கேனைக் காலி பண்ண மறக்கக்கூடாது. நிறைந்துவிட்டால் மொத்தமாக இன்ஜின் உறிஞ்சிவிடும். அடைத்துக்கொண்டாலோ, பழையபடி சீல் ஒழுகும்.

இரண்டு மாதம் கழித்து முதல்முறை காலி பண்ணினேன். முக்கால் டீ கிளாஸ் வந்தது, நீர் கலந்த ஆயில், பாலில் கரைத்த சேறு மாதிரி. வாசலில் நின்று பார்த்த என் வீட்டம்மா கேட்டார்: "இதை இப்ப எங்க ஊத்தப் போறீங்க?"

இரண்டடியில் சாக்கடை. நாங்கள் இருவருமே அதைத்தான் பார்த்தோம்.

பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போனேன். கழிவு ஆயில் பேரலைக் காட்டிய தம்பி, முக்கால் கிளாஸுக்காக இவ்வளவு தூரமா என்கிற மாதிரி சிரித்தார். எதற்கும் நல்லது என்று, திரும்பி வரும்போது காங்கேயம் ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வந்தேன். இன்ஜின் சூடாகட்டுமே.