மூக்குப்பேணியின் மூக்கு

கரம்பொனில் எங்கள் வீட்டில் வெள்ளிப் பாத்திரமென்று இருந்தது ஒரு மூக்குப்பேணி மட்டுமே. அதில் பூவுமில்லை, கொடியுமில்லை. வழவழப்பான வயிறு, ஒரு பக்கத்தில் சிறு மூக்கு, அவ்வளவுதான். கிறிஸ்டோபர் டிரெஸர் (1834–1904) வடிவமைத்த வெள்ளிப் பாத்திரங்களின் படங்களைப் பார்த்தபோது அந்தப் பேணிதான் நினைவுக்கு வந்தது.

கிளாஸ்கோவில் பிறந்த டிரெஸர் தாவரவியல் கற்றவர். தொழிற்சாலை உற்பத்திக்கென்றே வடிவங்களை வரைந்து கொடுத்த முன்னோடிகளுள் ஒருவர். அவர் காலத்து இங்கிலாந்தில் செல்வந்தர் மேசைகளை இலையும் பழமும் தேவதைகளும் மொய்த்த வெள்ளிப் பாத்திரங்கள் நிறைத்திருந்தன. சென்னையில் பி. ஓர் அண்ட் சன்ஸ் நிறுவனம், சுவாமி உருவங்கள் புடைத்து நின்ற தேநீர்ச் சாடிகளை ஆங்கிலேயருக்குச் செய்து விற்றது. வெளியே தெய்வங்கள், உள்ளே தேயிலைச் சாயம்!

டிரெஸர் எழுப்பிய கேள்விகளோ எளியவை. நிறைந்த சாடியைச் சரிக்கும்போது கை நோகாதிருக்கக் கைபிடி எங்கே அமைய வேண்டும்? விலையுயர்ந்த வெள்ளியை ஏன் வீணாக்க வேண்டும்? உலோகத்தை மெல்லிய தகடாக்கி, வேண்டிய இடத்தில் வளைத்து வலுவூட்டலாம் என்பது அவர் கட்சி. 1876–77 இல் ஜப்பான் சென்று வந்தார். அதன்பின் ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன் முதலிய நிறுவனங்களுக்கு அவர் வரைந்த, வெள்ளிமுலாம் பூசிய சாடிகளை இன்று பார்த்தாலும் நேற்றுச் செய்தவை போலிருக்கின்றன.

பயன்பாடே வடிவத்தைத் தீர்மானிக்கட்டும் என்ற அந்த நியாயத்துக்கு எங்கள் பேணியும் பொருந்தும். ஆனால், அந்த மூக்கின் பயன் என்ன? உதடு படாமல் அண்ணாந்து குடிப்பது. ஒருவர் எச்சில் மற்றவர்மேல் படக்கூடாதென்ற ஆசாரமே அதை வளைத்தது. சுகாதாரம் என்றும் சொல்லலாம்; மறுப்பதற்கில்லை. அதே ஆசாரந்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பேணியை மறுத்துச் சிரட்டையில் தேநீர் வார்த்தது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் சமமாக அமர்ந்து குடிக்கும் உரிமைக்காக 1960களின் பிற்பகுதியில் போராட வேண்டியிருந்தது.

சிரட்டையிலும் அலங்காரமில்லை. அதுவும் எளிய வடிவந்தான். எனவே ஒரு பாத்திரத்தின் எளிமையை வியக்கும்போது, அதில் யார் குடித்தார், யார் குடிக்கவில்லை என்றும் சேர்த்தே கேட்கிறேன். எங்கள் பேணி 1991 இடப்பெயர்வோடு போயிற்று. அந்தக் கேள்வி போகவில்லை.