மூடி போட்ட கிண்ணத்தில் தேநீர்

சிங்கப்பூர் போய் வந்தேன் என்றதும் எங்கள் விளாங்குடியில் எல்லாரும் கேட்டது, "முஸ்தபா கடையில் என்ன வாங்கினீங்க?" என்றுதான். கோடாலித் தைலம், சாக்லேட் எல்லாம் வாங்கியாச்சு. ஆனால் சேலைக்குள் சுற்றி, பொத்திப் பொத்திக் கொண்டு வந்தது ஒரே ஒரு பீங்கான் கிண்ணம்தான். கீழே ஒரு தட்டு, மேலே ஒரு மூடி. சீனர்கள் டீ போட்டுக் குடிக்கும் கிண்ணம் அது.

அக்கா மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். நாற்பது நாள் கழிந்ததும் மாப்பிள்ளை, "பிள்ளையை நான் பார்த்துக்கிறேன், ரெண்டு பேரும் கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்றார். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், 1827-ல் நாராயண பிள்ளை நிறுவியது. வேடிக்கை என்னவென்றால், அது இருப்பது சைனாடவுனில்! பக்கத்துத் தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர். நம் கோபுரத்தை வைத்து வந்த பெயராம்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு அதே சாலையில் நடந்தால் நீல் ரோடு. பழைய மாடிக் கடைவீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1989-ல் தொடங்கிய 'டீ சாப்டர்' என்ற தேநீர் இல்லம் அங்கேதான். அந்த வருஷமே எலிசபெத் ராணி வந்து டீ குடித்தாராம். ராணி குடித்த இடத்தில் விலை எப்படியோ என்று நாங்கள் வேறொரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம்.

கடைக்கார அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். "தே?" என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹொக்கியன் சீனர்கள் டீயை 'தே' என்றுதான் சொல்வார்களாம். நம் 'தேயிலை'யில் இருப்பதும் அந்தத் 'தே'தான்!

கிண்ணத்துக்குப் பெயர் 'கைவான்'. நம்ம கை இல்லை. 'கை' என்றால் மூடி, 'வான்' என்றால் கிண்ணம். மூடி வானம், தட்டு பூமி, நடுவே கிண்ணம் மனிதன் என்பார்களாம். அரை டம்ளர் தண்ணீர்கூடப் பிடிக்காது. முதலில் வெந்நீர் ஊற்றிக் கிண்ணத்தைச் சூடாக்கிக் கொட்டினாள். பிறகு இரண்டு ஸ்பூன் இலை. பார்க்க மணத்தக்காளி வற்றல் மாதிரி சுருண்டு கிடந்தது. வெந்நீர் ஊற்றி மூடி, இருபது எண்ணுவதற்குள் மூடியைக் கொஞ்சம் சாய்த்து, இலை உள்ளேயே நிற்க, சாறை மட்டும் வடித்துவிட்டாள். கட்டை விரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடியின் குமிழில். விளிம்பு அகன்றிருப்பதால் அங்கே சூடு குறைவு. முழுக்க நிரப்பினால் விரல் வெந்துவிடும். செங்டு நகரத்து டீக்கடைகளில் வடிப்பதே இல்லையாம். மூடியால் இலையை ஒதுக்கிக்கொண்டு கிண்ணத்திலிருந்தே உறிஞ்சுவார்களாம்.

பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் வாய் எனக்கு என்னவோ போல இருந்தது. மூன்றாவது தடவை ஊற்றியபோதுதான் மணம் பிடிபட்டது. அதே இலையில் ஆறு தடவை!

அக்கா மகள் பேசவே இல்லை. வீட்டில் அவள் டீ குடிக்கும் லட்சணம் எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து வருவதற்குள் டம்ளரில் ஏடு படிந்திருக்கும். சுடவைப்பாள். மறுபடி அழுகுரல். மறுபடி சுடவைப்பாள். கடைசியில் தொட்டியில் கொட்டுவாள். "பிள்ளை பிறந்தப்புறம் சூடா டீ குடிக்கிறது இன்னிக்குத்தான் சித்தி" என்றாள். எனக்குத் தொண்டையை அடைத்தது. நாமெல்லாம் அப்படித்தானே, மற்றவர்களுக்கு ஆற்றிக் கொடுத்துவிட்டு ஆறினதைக் குடிக்கிறோம்.

இந்தக் கிண்ணத்தில் அந்தத் தொல்லை இல்லை. சாறை வடித்த பிறகு இலை சும்மா கிடக்கும். பிள்ளை அழுதால் போய்விட்டு வந்து மறுபடி வெந்நீர் ஊற்றினால் புது டீ. (மறுநாளைக்கு அந்த இலை ஆகாது.) ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு வெள்ளி கொடுத்து வாங்கினோம்.

ஒன்று மட்டும் இளம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த டீயின் பெயர் 'தியே குவான் யின்', 'இரும்புக் கருணைத் தேவி' என்று அர்த்தம். பெயரில்தான் இரும்பு! எந்த டீயானாலும் அதிலுள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தம் குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டே டீ குடிக்க வேண்டும். அக்கா மகளுக்கு டாக்டரும் இதையே சொன்னார். சோறு சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை அவள் விட்டாள். பால் கொடுக்கும் வரை நாளைக்கு இரண்டு வேளைக்கு மேல் வேண்டாம் என்று நானும் கண்டிஷன் போட்டேன்.

நம்மூர் டஸ்ட் டீ இதற்கு ஒத்து வராது. தூள் மூடி இடுக்கு வழியே வந்துவிடும், கஷாயம் மாதிரி கசக்கும். முழு இலையாக வேண்டும். நான் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வரவழைக்கிறேன். எங்கள் தெரு போர்த் தண்ணீரில் போட்டால் மேலே ஆடை மாதிரி படிகிறது, அதனால் குடிக்கிற கேன் தண்ணீர்தான்.

இவர், "இதென்ன, சொப்பு வச்சு விளையாடுறியா?" என்று கேலி செய்துவிட்டு, திண்டுக்கல் ரோட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். போகட்டும். மத்தியானம் மூன்றரை மணிக்கு, தண்ணீர் லாரி வருமுன் நான் மட்டும் உட்காருவேன்.

கிண்ணம் கிடைக்காதவர்கள் வாய் அகன்ற பீங்கான் கப்பின் மேல் அதற்கேற்ற சாஸரைக் கவிழ்த்து மூடிப் பாருங்கள். எவர்சில்வர் வேண்டாம், கை சுடும்.